ஓரெஸ்ட் தடுத்த கோல்

சீசனில் பெரும்பாலும் தோற்ற ரெஜைனா ஐஸ் ஹாக்கி அணி, கடைசி ஆட்டத்தில் ஜெயித்துவிட்டது. பதினான்கு வருடங்களாக அங்கே கோல் காக்கும் ஓரெஸ்ட், கடைசி நொடியில் குறுக்கே விழுந்து வட்டைத் தடுத்தான். சொந்த ஊர் ரசிகர்களே அவனைத் திட்டித் தீர்த்தார்கள்.

உடை மாற்றும் அறையில் பயிற்சியாளர் லூசியன் கத்தினார்.

"எதுக்குய்யா தடுத்த? தோத்திருந்தா பட்டியல்ல நாமதான் கடைசி. புதுப் பசங்கள்ல முதல் ஆளை எடுக்குற உரிமை நமக்கு வந்திருக்கும். அந்த டாரன் கிடைச்சிருப்பான்! இனி இந்த டீம் தேறவே தேறாது!"

"தெரியும் சார்."

வெளியே வந்ததும் கைப்பேசி அடித்தது. டாரன்தான். அழுதுகொண்டிருந்தான்.

"ஏண்ணா தடுத்த? ஒரு வருஷமாவது உன்கூட ஆடலாம்னு இருந்தேனே!"

"அதுக்குத்தான்டா தடுத்தேன். இந்த டீமுக்கு நம்ம வீட்டுலேர்ந்து நான் ஒருத்தன் போனது போதும்."