வீட்டுக்காரர்

“இல்லைன்னு சொல்லிட்டா விட்டுருவாங்களாம்மா?”

பிரபா கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எது சார் இல்லைன்னு?”

“இந்த வாடகைதான்” என்று பழமலைநாதன், வரி ஆபீஸிலிருந்து செய்தி வந்திருந்த செல்போனை நீட்டினார்.

வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய இன்னும் மூன்றே நாள். ஆடிட்டர் கடலூருக்குப் போய்விட்டார். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டு மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் காலையிலிருந்து பிரபா ஒருத்திதான் எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ரீஃபண்டு எப்போது வரும், பேங்க் வட்டியையும் காட்டணுமா, நாள் தாண்டினால் எவ்வளவு அபராதம் என்று திரும்பத் திரும்ப அதே கேள்விகள். தொண்டை வறண்டு போயிருந்தது. கொண்டுவந்த சாப்பாட்டை இன்னும் திறக்கவே இல்லை.

பழமலைநாதன் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். வருஷா வருஷம் பென்ஷன் தாளோடு வருவார். வரி எதுவும் வராது. ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். இவராவது சீக்கிரம் போய்விடுவார் என்று நினைத்திருந்தாள்.

அவருடைய கணக்கைத் திறந்து பார்த்தாள்.

“ஆமா சார். உங்களுக்கு வாடகை வந்ததா இருக்குது. மாசம் இருபத்தஞ்சாயிரம், வருஷத்துக்கு மூணு லட்சம். மெட்ராஸ் கம்பெனி ஒண்ணுல வேலை செய்யறவரு, வூட்டு வாடகை உங்களுக்குத்தான் குடுக்கறேன்னு உங்க பான் நம்பரை எழுதிக் குடுத்து, அவரு வரியைக் குறைச்சிருக்காரு. அதான் உங்க பக்கம் வருமானமா வந்து நிக்குது.”

“கம்பெனி பேரு போட்டிருக்குதா?”

திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் குனிந்து இரண்டு தரம் படித்தார்.

சென்னையில் வீடு! இத்தனை வருஷமாக வாயைத் திறக்கவில்லையே மனுஷன் என்று பிரபாவுக்கு எரிச்சலாக வந்தது. அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரும் இப்படித்தான். ஐந்தாம் தேதி விடிந்ததும் வாசலில் வந்து நிற்பார். ரசீது கேட்டால் மட்டும் காது கேட்காது.

“சார், நீங்க வாடகை வாங்கினீங்களா, வாங்கலையா?”

“ரெண்டு விதமாவும் சொல்லேம்மா. அப்புறம் சொல்றேன்.”

பிரபா பெருமூச்சு விட்டாள். “வாங்கலைன்னா, இந்தத் தகவல் தப்புன்னு இதுலயே பதிவு பண்ணிடலாம். உங்களுக்கு ஒரு ரூபா வரி வராது. வாங்கினீங்கன்னா காட்டித்தான் ஆகணும்.”

“தப்புன்னு பதிவு பண்ணினா, வாடகை குடுத்தேன்னு எழுதின ஆளு என்ன ஆவாரு?”

“அவரைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. ரசீது எங்க, பேங்க் கணக்கு எங்கம்பாங்க. பொய்னு தெரிஞ்சா வரியும் கட்டணும், அதுக்கு மேல ரெண்டு மடங்கு அபராதமும் கட்டணும். கம்பெனிக்கும் தெரிஞ்சுபோயிடும்.”

அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். குடித்தனக்காரன் ரசீதோடு வந்து நின்றால் மாட்டிக்கொள்வோம் என்று யோசிப்பதாகப் பிரபா நினைத்துக்கொண்டாள்.

“வாங்கினேன்னே போட்டுரும்மா” என்றார்.

‘அப்படி வழிக்கு வாங்க’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அவள் தட்டச்சு செய்தாள். பராமரிப்புக்கென்று முப்பது சதவீதம் கழித்து, மீதியைப் பென்ஷனோடு கூட்டினாள்.

“வரி முப்பதாயிரத்து அறுநூத்தி எண்பது வருது சார்.”

அவர் முகம் சட்டென்று வாடியது. “தவணையா கட்ட முடியாதாம்மா? பென்ஷன் ஒண்ணாந்தேதிதான் வரும்.”

“முடியாது சார். கடைசி நாள் தாண்டினா அபராதம் ஐயாயிரம் வேற.” மூன்று லட்சம் வாங்கினவருக்கு முப்பதாயிரம் கட்டக் கசக்கிறது என்று நினைத்தாள். குரலிலும் அது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது அவர் போன் அடித்தது. “ஆங், ராஜாம்பா... ஆபீஸ்லதான் இருக்கேன். ஒண்ணுமில்ல, எப்பவும் போடற கையெழுத்துதான். நீ பாட்டுக்கு சாப்புடு. யாருக்கும் போன் போட்டுக் கேக்காத, என்ன?”

கட்டின மனைவிக்கும் மறைத்தாயிற்று! பிரபாவுக்கு அலுத்துவிட்டது. இவரை அனுப்பிவிட்டு முதலில் சாப்பிட வேண்டும்.

“பணத்த நாளைக்குக் கொண்டாந்துடறேம்மா” என்றார் அவர். “தெரிஞ்சவரு ஒருத்தரு இருக்காரு, கேட்டுப் பாக்கறேன். அந்த ஆளுக்கு இனிமே ஒண்ணும் வராதுல்ல?”

“யாருக்கு சார்?”

“வாடகை குடுத்ததா எழுதினவருக்கு.”

“நீங்க வாங்கினேன்னு ஒத்துக்கிட்டீங்கன்னா ரெண்டு பக்கமும் சரியாயிடும். அவரை ஏன் கேக்கப் போறாங்க?”

“அது போதும்” என்றார். முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“கடைசியா ஒண்ணு சார். வாடகைக்கு விட்டிருக்கற வூட்டோட அட்ரஸ் சொல்லுங்க, முடிச்சிடலாம்.” விசைப்பலகையில் விரல்களை வைத்துக்கொண்டு பிரபா காத்திருந்தாள்.

அவர் மறுபடியும் திரைப் பக்கம் குனிந்து அந்தக் கம்பெனிப் பேரைப் பார்த்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“எம்புள்ள கம்பெனியில எந்த அட்ரஸ எழுதிக் குடுத்தானோ தெரியலையேம்மா” என்றார் பழமலைநாதன் மெதுவாக. “எனக்கு ஏது வூடு? நாங்க இருக்கறதே வாடகை வூட்டுலதான்.”