மழைமானியின் வயிறு

பயிர்க் காப்பீட்டு ஆபீஸ் மொட்டை மாடியில் ஒரு மழைமானி நின்றது. அது காலியாக இருந்தால்தான் அந்த வட்டாரத்தில் மழை பொய்த்ததாகக் கணக்கு. விவசாயிகளுக்கு இழப்பீடும் கிடைக்கும்.

சோளக்கொல்லையிலிருந்து ஒரு மைனா மூச்சிரைக்க வந்தது. "ஐயா, எங்க செங்கமலம் கடன் வாங்கிச் சொட்டுநீர்க் குழாய் போட்டாங்க. இப்போ கிணறே வத்திப்போச்சு, சோளம் கருகுது. மழை இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"மழை இல்லையா? என் வயிறு கழுத்துவரைக்கும் நிறைஞ்சிருக்கே!" மழைமானி ஏப்பம் விட்டது.

மைனா அண்ணாந்து பார்த்தது. ஆபீஸ் தண்ணீர்த் தொட்டி நிரம்பி, மழைமானிக்குள் வழிந்துகொண்டிருந்தது. அந்நேரம் கீழே யாரோ மோட்டாரை நிறுத்தினார்கள்.

"தாகமா இருக்கு ஐயா. கொஞ்சம் குடிச்சுக்கட்டுமா?"

"தாராளமா! ஊரே செழிப்பா இருக்கு, உனக்கு இல்லாததா?"

மைனா சீட்டியடித்தது. கொல்லையிலிருந்த மைனாக்கள் அத்தனையும் வந்திறங்கி, ஆளுக்கொரு வாய் குடித்தன. மழைமானியின் அடிவயிறு காய்ந்தது.

"ஐயோ, வறட்சி! வட்டாரத்துக்கே வறட்சி!" என்று அது அலறியது.

மைனா அலகைத் துடைத்துக்கொண்டது. "இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க ஐயா. கீழே எல்லாரும் சாப்பிட்டுட்டுத் தூங்கறாங்க."