எறும்புகள் போக வேண்டிய இடம்

பதினேழு நாட்கள். என் அக்கா இவொனெச்சியின் மரவள்ளித் தோட்டத்தை விட்டு இலைவெட்டி எறும்புகள் கிளம்பி இன்றோடு பதினேழு நாட்கள்.

மருந்து வைக்கவில்லை. மந்திரிக்க ஆள் கூப்பிட்டாள் அக்கா. நெடுஞ்சாலையோரம் டயர் ஒட்டுகிற லிண்டோல்ஃபோ ஒரு கொத்துத் தழையோடு வந்தார். மூன்று பக்கம் வேலியோரமாக நடந்து முணுமுணுத்தார். எறும்புகள் வெளியேற மேற்குப் பக்கத்தை மட்டும் மந்திரிக்காமல் விட்டார்.

பிறகு அக்காவின் முன்னால் குனிந்து காதைக் காட்டினார்.

எறும்பைச் சும்மா போ என்று சொல்ல முடியாது. எங்கே போக வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். தோட்டக்காரர் அதை அவர் காதில் மட்டும் சொல்வார். எறும்பு போய்ச் சேரும் முன் வெளியே சொன்னால், திரும்பி வந்துவிடும்.

அக்கா அவர் காதுக்குள் சொன்னாள்.

லிண்டோல்ஃபோ நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "அது எங்கன்னு உனக்கே தெரியாதேம்மா."

"அதுங்க கண்டுபிடிச்சுக்கும்" என்றாள் அக்கா.

வேலியருகே நின்ற எனக்கு இந்தப் பேச்சு மட்டும்தான் கேட்டது. சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

எறும்புதான் என் வேலை. எங்கள் வட்டாரத்தில் எந்த இனம் எங்கே இருக்கிறது என்று ஆய்வு நிலையத்தின் வரைபடத்தில் குண்டூசி குத்துகிறேன். இங்கே மூன்று இனம். தலை கண்ணாடிபோல மினுங்குவது மேட்டில். பழுப்பு நிறம் மேய்ச்சல் வெளியில். புல்லைத் தவிர எதையும் தொடாது. மூன்றாவது, தலையை நசுக்கினால் எலுமிச்சை மணக்கும். அதற்கு மர நிழலும் இலையும் வேண்டும். அக்காவின் மரவள்ளியை மொட்டையடித்தது அதுதான்.

ஒன்றின் எல்லைக்குள் மற்றது அவ்வளவாகப் போகாது.

ஐந்தாம் நாள், நிழலே இல்லாத மேய்ச்சல் வெளியின் நடுவில் ஒன்றைப் பிடித்து நசுக்கினேன். எலுமிச்சை.

ஏழாம் நாள், தைலமரத் தோப்பில். பத்தாம் நாள், கால்பந்து மைதானத்துக் கம்பத்தடியில். பாதையில் ஒரு புல்கூட வெட்டப்படவில்லை. ஓர் இலையும் தூக்கிப் போகவில்லை. வெறும் வாயோடு நடந்துகொண்டிருந்தன.

பிடித்த இடங்களில் குத்திய ஊசிகளின் மேல் அளவுகோலை வைத்தேன். நேர்கோடு.

அக்காவிடம் சொன்னேன்.

"அஞ்சு வருஷம் எறும்பு படிச்ச. உன்னால ஒரு எறும்ப நகத்த முடியல. டயர்காரன் ஒரு கூட்டத்தையே கிளப்பிட்டான்" என்று சிரித்தாள்.

அவள் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது. மார்ச் மாதம் அவள் கணவன் அடவுட்டோ, கோயாஸ் மாநிலத்துப் பக்கம் கரும்பு லாரி ஓட்டப் போகிறேன் என்று கிளம்பினான். பிறகு அவன் எண் வேலை செய்யவில்லை. அம்மா அப்பா போன பிறகு, அக்கா தங்கை இருவருக்கும் நாங்கள்தான் துணை. அவள் அழும்போதெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. கையை மட்டும் பிடித்துக்கொள்வேன்.

இன்று காலை எறும்புகள் என் வீட்டுக்கு வந்தன.

ஊர்க்கோடியில் இருக்கிறேன். தனியாக இருக்கிறேன் என்றுதான் எல்லோருக்கும் தெரியும்.

கொல்லையில் ஆரஞ்சு மரம் இருக்கிறது. அதைத் தொடவில்லை. ரோஜாவைத் தொடவில்லை. பின்கதவின் அடியில் நுழைந்து, மாவு டப்பாவைத் தாண்டி, படுக்கையறைக்குள் போயின. அறை முழுக்க எலுமிச்சை வாசம்.

கட்டில் காலில் ஏறின.

நான் சுவரோரம் படுப்பவள். என் பக்கத்தில் ஓர் எறும்புகூட இல்லை. மறுபக்கத்துத் தலையணையில்தான் மொத்தமும். உறையை நகக்கண் அளவு வட்டங்களாக வெட்டி, வெட்டிய இடத்திலேயே போட்டுக்கொண்டிருந்தன.

பெருக்கித் தள்ளினேன். திரும்பி வந்தன. கொதிக்கிற நீரை ஊற்றினேன். வந்தன.

என் வீடு வழியில் இருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். அவள் சமையலறையில் மரவள்ளி சீவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த இடத்தச் சொல்லிடு. திரும்பிப் போகட்டும்."

"போய்ச் சேராம எப்படிடி சொல்றது? மறுபடி என் தலையிலதான் விடியும். உனக்கென்ன வந்துச்சு?"

"என் வீட்டுக்குள்ள வந்துடுச்சு."

கத்தி நின்றது.

"வழியா போகுதா, தங்கிடுச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய்யும் வேகமாக வராது.

"தங்கிடுச்சு."

"எங்க?"

நான் தரையைப் பார்த்தேன். "கட்டில்ல."

அடுப்பில் தண்ணீர் கொதித்துப் பொங்கியது. இருவரும் எழவில்லை.

"அப்ப சேர்ந்துடுச்சு" என்றாள் அக்கா. "இனி சொல்லலாம்."

கத்தியைக் கீழே வைத்தாள். கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"என் புருஷன் தலை வச்சுப் படுக்கிற இடத்துக்குப் போகச் சொன்னேன்."