புள்ளி வைத்த பெயர்கள்

கறுப்புத் திரையில் அழிக்கும் கட்டளையைத் தட்டி என்டரை அழுத்திய பிறகுதான், தான் நின்றிருந்தது வேறு கோப்புறை என்பதை நப்பின்னை கவனித்தாள். ஆய்வுக்கூடம் வருடக்கணக்காகச் சேர்த்த கடல் அலைப் பதிவுகளில் இப்போது ஒன்றுகூட இல்லை. ஆய்வுக்கூடத்தின் சர்வரைப் பராமரித்த இர்ஃபான், நகல் எடுத்து வை என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அதில்தான் சண்டை வந்தது. அவன் பக்கத்துக் கட்டடத்துக்கு மாறிப் போனான். அதன் பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

வேறு வழியில்லாமல் அவனையே அழைத்தாள்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டேன், இர்ஃபான்."

அவன் திட்டவில்லை. "பதறாதே. புள்ளியில ஆரம்பிக்கிற பேரெல்லாம் சாதாரணமா திரையில தெரியாது. உன் கணக்குல அதையும் சேர்த்துக் காட்டச் சொல்லு."

தட்டினாள். இத்தனை நாள் கண்ணில் படாமலிருந்த பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. அவற்றில் ஒரு கோப்புறைக்குள் மொத்தக் கடலும் ஓர் அலை குறையாமல் கிடந்தது. பக்கத்திலிருந்த அமைப்புக் கோப்பைத் திறந்தாள். அவள் எதை அழித்தாலும் அழிக்காமல் அங்கே ஒதுக்கி வைக்கச் சொல்லும் ஒற்றை வரி அதில் இருந்தது. அது எழுதப்பட்ட தேதி, சண்டைக்கு மறுநாள்.

"எனக்குத் தெரியாம என் கணக்குல கை வச்சியா?"

"வச்சேன். தப்புதான். அந்த வரியை இப்பவே எடுத்துடறேன்."

மறுமுனையில் அவன் விசைப்பலகையை இழுத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"இரு" என்றாள் நப்பின்னை.