பாடாத ஸ்டீரியோ

"இதுவும் வேண்டாம்மா" என்றார் அவர்.

நான்காவது ஸ்டீரியோ. முதல் செட்டின் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். இரண்டாவது டாஷ்போர்டோடு ஒட்டவில்லையாம். மூன்றாவதைக் கையில்கூட வாங்கவில்லை. கார் ஸ்டீரியோ கடை வைத்துப் பதினெட்டு வருடமாகிறது, இப்படி ஓர் ஆளை நான் பார்த்ததில்லை.

வாசலில் நின்ற கார் அவருடையது. இரண்டே சீட் உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார். ரோட்டிலேயே உட்கார்ந்து போகிற மாதிரி அவ்வளவு தாழ்வு. அதில் இருக்கும் செட் பதினாலு வருடமாகப் பாடவில்லை என்று மகள்தான் சொன்னாள். அவளுக்கு வெளியூருக்கு மாற்றலாகிவிட்டது. திங்கட்கிழமை கிளம்புகிறாள். அதற்குள் அப்பாவுக்கு ஒரு நல்ல ஸ்டீரியோ மாட்டிவிட வேண்டும் என்று அவரைக் கையோடு இழுத்து வந்திருந்தாள்.

"அண்ணே, முதல்ல காட்டினீங்களே, அதுல பேச்சு தெளிவாக் கேக்குமா?"

"பாட்டு அருமையா இருக்கும்மா. அதுவும் இந்த மாதிரி சின்ன காருக்கு..."

"பாட்டை விடுங்க. இந்த இஞ்சின் போடுற சத்தத்துல பேச்சு கேக்குமா?"

ஸ்டீரியோ வாங்க வந்தவள் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பனுக்கேற்ற பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே தெருவுக்குப் போனாள். என் வாய் சும்மா இருக்குமா?

"சார், கோவிச்சுக்காதீங்க. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதேம்பாங்க. எம் பையன் இதுவரைக்கும் எனக்கு ஒரு கர்ச்சீப் வாங்கித் தந்ததில்ல. அந்தப் பொண்ணு எவ்வளவு ஆசையா வந்திருக்கு. பெத்த அப்பா நீங்களே இப்படிச் சலிச்சுக்கலாமா?"

"நான் பெத்த அப்பா இல்லீங்க" என்றார்.

கையிலிருந்த செட்டை மேசையில் வைத்தேன்.

"அவ அம்மாவை நான் கட்டிக்கிட்டப்ப இவளுக்குப் பன்னெண்டு வயசு. தினமும் காலையில எட்டேகாலுக்கு நான்தான் ஸ்கூல்ல கொண்டுபோய் விடுவேன். ஏறி உட்காருவா, ஸ்டீரியோவைப் போடுவா, வால்யூமை முழுசாத் திருகிடுவா. நான் என்ன பேசினாலும் காதுல விழாது. விழக்கூடாதுன்னுதான் அது. ரெண்டு மாசம் இப்படியே போச்சு."

"அப்புறம்?"

"ஒருநாள் செட் கெட்டுப்போச்சு. மூணு நாள் ரெண்டு பேரும் உம்முன்னு போனோம். நாலாவது நாள், 'இந்தக் கார் ஏன் இப்படி உறுமுது?'ன்னு கேட்டா. அவளா என்கிட்ட கேட்ட முதல் கேள்வி. ஸ்கூல் கேட் வர்ற வரைக்கும் இஞ்சினைப் பத்திச் சொல்லிக்கிட்டே போனேன். மறுநாள் இன்னொரு கேள்வி. அந்த வருஷக் கடைசியில ஒருநாள் இறங்கும்போது, 'வரேன்ப்பா'ன்னா. அதுவரைக்கும் என்னை அவ எப்படியும் கூப்பிட்டதே இல்லை. வண்டியை ஓரங்கட்டிட்டு அழுதேங்க."

வாசலில் நின்ற காரைப் பார்த்தார்.

"அந்த செட் கெட்டதுக்கு நான் இன்னைக்கும் நன்றி சொல்லிட்டிருக்கேன். ரிப்பேருக்குன்னு ஒருத்தர்கிட்டயும் காட்டினதில்ல. அதைக் கழட்டிட்டு இன்னொண்ணை வைக்க எனக்கு மனசு வரலை. வேண்டாம்னா பொண்ணு மனசு நோகும். அதான் சாக்குச் சொல்லிட்டிருக்கேன்."

சற்று முன் நான் பேசிய பேச்சை நினைக்கவே வெட்கமாக இருந்தது. வயரிங் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனேன். பக்கத்து சீட்டின் காலடியில் ஃபியூஸ் பெட்டி. எது எதற்கான ஃபியூஸ் என்று மூடியிலேயே படம் போட்டிருந்தது. ஸ்டீரியோவுக்கான இடம் மட்டும் காலி. எரிந்துபோன ஃபியூஸ் என்றால் அந்த இடத்திலேயே இருக்கும், எழுந்து நடந்து போகாது.

நான் திரும்பி வந்தபோது மகள் அவர் எதிரில் நின்றிருந்தாள்.

"அப்பா, இது பாட்டுக்கு இல்லப்பா. திங்கட்கிழமைலேருந்து உங்க பக்கத்து சீட்டு காலி. நீங்க ஆபீஸ் கிளம்புற நேரம் பார்த்து எட்டேகாலுக்கு நான் கூப்பிடுவேன். உங்க போன் இந்த ஸ்டீரியோவோட சேர்ந்துக்கும். உங்க கை ஸ்டியரிங்லயே இருக்கலாம், என் குரல் ஸ்பீக்கர்ல வரும். அதுக்குத்தான் பேச்சு தெளிவாக் கேக்கணும்னு பாக்கறேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"முதல்ல காட்டினதையே மாட்டிடுங்க" என்றார் என்னிடம்.

"வெளிச்சம் கண்ணைக் குத்துதுன்னீங்களே?"

"குத்திட்டுப் போகட்டும். பழைய செட்டை மட்டும் பத்திரமாக் கழட்டிக் குடுங்க. அது எனக்கு வேணும்."

"சரி சார். ஃபியூஸ் ஒண்ணைக் காணோம். புதுசாப் போட்டுடறேன்."

"காணோமா? நான் அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லையே."

"புதுசு வேண்டாண்ணே" என்றாள் மகள்.

பர்ஸின் உள் ஜிப்பைத் திறந்தாள். நகத்தளவு சிவப்பு ஃபியூஸ் ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"எனக்கு உங்ககூடப் பேசணும்போல இருந்துச்சுப்பா. பாட்டை நானே நிறுத்தினா தோத்துப்போன மாதிரி ஆயிடுமேன்னுதான் இதைப் பிடுங்கிட்டேன்."