தலைக்கு மேல தொம் தொம்

"மேல்வீட்டுக்காரன் மட்டும் என் கையில கிடைச்சான், மரத்துப்போற ஊசி போடாமலே கடவாய்ப்பல்லைப் பிடுங்கிடுவேன்!"

பல் டாக்டர் மேஜையில் ஓங்கிக் குத்தினார். வாசிப்பு அறையில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின.

"உஷ்!" என்றார் நூலகர் அம்மா. மெத்துமெத்தென்ற செருப்பு, பூனை நடை. எப்போது பக்கத்தில் வந்தார் என்று யாருக்குமே தெரியாது.

ஊரையே வாயைத் திறக்கச் சொல்கிறவர் அவர். ஊரையே வாயை மூடச் சொல்கிறவர் இவர். ஆனாலும் இரண்டு பேருக்கும் எப்படியோ ஒத்துப்போய்விட்டது.

"மறுபடியும் தொம் தொம்மா, டாக்டர்?" என்று கிசுகிசுத்தார் அம்மா.

"நேத்து தலையில பாறாங்கல்லே விழுந்த மாதிரி இருந்துது மேடம்! வாட்ச்மேனைக் கேட்டா, 'புதுசா குடிவந்தவங்க சார், இருக்கற இடமே தெரியாது'ங்கறான். எனக்குத் தெரியுதேய்யா!"

"நேரா போய்க் கேட்டுட வேண்டியதுதானே?"

"மாடி ஏறிப் போனா கப்சிப். எதைச் சொல்லிச் சண்டை போடறது?"

ஒன்றை மட்டும் அவர் மறைத்தார். வெட்கம்தான். டாக்டருக்குக் கிளாரினெட் பைத்தியம். பல் டாக்டர்கள் சங்கத்து ஆண்டு விழாவில் முதல் முறையாக மேடை ஏறப்போகிறார். வீட்டில் அவர் வாத்தியத்தை எடுத்ததுமே மேலே தொம் தொம் ஆரம்பித்துவிடும். நிறுத்தினால் நின்றுவிடும். அதுகூடப் பரவாயில்லை. பாட்டின் நடுவில் ஓரிடத்தில் அவருக்கு மூச்சு முட்டி, கிளாரினெட் 'பீங்' என்று கத்தும். சரியாக அந்த இடத்தில் மேலே பெரிசாக ஒரு 'தொம்!' விழும்.

நக்கல்! வேறென்ன?

"அவங்களுக்காவது தைரியம் இருக்கு. நான் எத்தனை வருஷமா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்!" என்று அவர் மனைவி வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள்.

விழாவில் சொதப்பினால் கிளாரினெட்டைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவது, அப்புறம் தொடுவதே இல்லை என்று டாக்டர் முடிவே பண்ணிவிட்டார். அதனால்தான் இந்த ஆராய்ச்சி. ஒலி எப்படிப் பிறக்கிறது, சுவர் வழியாக எப்படி நடக்கிறது, எதில் முட்டினால் சாகிறது என்று ஒன்று விடாமல் படித்துத் தீர்த்தார்.

"முட்டை அட்டை எல்லாம் ஒட்டிப் பாத்தேன் மேடம். 'இது வீடா, கோழிப்பண்ணையா?'ன்னு கேக்கறா என் பொண்டாட்டி."

"ஐயோ டாக்டர், முட்டை அட்டை எதிரொலியைத்தான் கொஞ்சம் குறைக்கும். மேலேர்ந்து வர்ற இடியை அது என்ன பண்ணும்? இருங்க."

அம்மா ஏணி போட்டு ஏறினார். உச்சி அலமாரியிலிருந்து தலையணை பருமனுக்கு ஒரு புத்தகத்தை இறக்கித் தூசி தட்டினார்.

"கட்டடத்துல சத்தத்தைக் கட்டுப்படுத்தறதைப் பத்தி இதைவிட நல்ல புத்தகம் கிடையாது. வெளிய கொடுக்கக் கூடாதுதான். உங்க அவஸ்தையைப் பாக்கச் சகிக்கல. எடுத்துட்டுப் போங்க. அந்தத் தொம் தொம்மை ஒழிச்சுட்டு வாங்க!"

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு மனுஷி! மேல்வீட்டிலும் ஒன்று இருக்கிறதே!

புத்தகத்தில் சொன்னபடியே எல்லாம் நடந்தது. கூரைக்குக் கீழே ரப்பர் வைத்துத் தொங்கவிட்ட இன்னொரு கூரை. நடுவில் கெட்டியாகப் பஞ்சு. இண்டு இடுக்கெல்லாம் பூச்சு.

வேலை முடிந்த சாயங்காலம் டாக்டர் கிளாரினெட்டை எடுத்தார். வாசித்தார். மூச்சு முட்டும் இடம் வந்தது. பீங்!

மேலே ஒன்றுமில்லை.

மறுபடி வாசித்தார். பீங்! ஒன்றுமே இல்லை. டாக்டர் சோபாவில் ஏறி ஒரு குதி குதித்தார்.

அடுத்த வாரம் சாக்லேட் டப்பாவும் புத்தகமுமாக நூலகத்துக்கு ஓடினார்.

"ஒழிஞ்சுது மேடம்! சத்தம் செத்தே போச்சு! எல்லாம் உங்க புண்ணியம்!"

"சந்தோஷம் டாக்டர்" என்றார் அம்மா. குரலில் சுரத்தே இல்லை.

"என்ன மேடம், முகமே வாடிக் கிடக்கு? பல் வலியா?"

"அதெல்லாம் இல்ல. சொன்னா சிரிப்பீங்க." அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலை இன்னும் தாழ்த்தினார். "காலையிலேர்ந்து 'உஷ் உஷ்'னு சொல்லிச் சொல்லி, எனக்கே மூச்சு முட்டிப் போகும் டாக்டர். புதுசா போன வீட்டுல, கீழ்வீட்டுக்காரர் யாரோ சாயங்காலத்துல கிளாரினெட் வாசிப்பாரு. அதைக் கேட்டாப் போதும், செருப்பைத் தூக்கிப் போட்டுட்டு ஆட ஆரம்பிச்சுடுவேன். இந்த வயசுல!"

டாக்டர் கையிலிருந்த டப்பா நழுவப் பார்த்தது.

"பாட்டு நடுவுல ஒரு இடத்துல 'பீங்'னு ஒரு கத்து கத்தும் பாருங்க, அதுதான் எனக்கு உசிரு! அந்த இடத்துலதான் ஒரு சுத்து சுத்தி, ஒரு குதி குதிப்பேன். ஒரு வாரமா சத்தத்தையே காணோம். யாரோ என்னவோ சொல்லி அவர் மனசை நோகடிச்சிருக்காங்க போல. பாவம், நிறுத்திட்டாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதை விடுங்க. உங்களுக்கு வேற ஏதாவது புத்தகம் வேணுமா?"

டாக்டர் ஓங்கிய குரலில் கேட்டார். வாசிப்பு அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"கட்டின கூரையைச் சாயங்காலத்துக்குள்ள பிரிச்சுப் போடறதுக்கு ஏதாவது புத்தகம் இருக்கா மேடம்? நீங்க ஆடணும்ல!"