தூண்டில் சிப்பாய்

"டாக்டர் என்ன சொன்னார்?" சதுரங்கக் காய்களை அடுக்கியபடி ஜெய்ராம் கேட்டார்.

"எல்லாம் நார்மலாம்" என்றாள் ஹம்சினி. ஜெய்ராமுக்கு ஞாபகம் மெல்லக் குறையும், அவரிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்றுதான் டாக்டர் போனில் சொல்லியிருந்தார்.

ஆறாவது நகர்த்தலில் ஜெய்ராமின் குதிரை நடுச் சிப்பாயை வெட்டியது. அது ஹம்சினியின் தூண்டில் சிப்பாய். வெட்டினால், எதிராளி ராணியைக் கொடுப்பதுபோல் கொடுத்து, வெட்டியவரின் ராணியைத் திரும்ப வாங்கும்போது ஒரு காயையும் சேர்த்துப் பிடுங்கிவிடலாம். பெஹாலா செஸ் கிளப்பில் பாதிப்பேரை இதே பொறியில் வீழ்த்தியவர் அவர். அதுவே மறந்துவிட்டதா?

"என்ன யோசனை? மெதுவா ஆடற அடுத்த வீட்டு பிமல்தாகூட இதுக்குள்ள ஆடியிருப்பார்."

"இருங்கோ, ஆடறேன்." பொறியை மூடாமல் மந்திரியை ஒரு கட்டம் நகர்த்தினாள்.

ஜெய்ராம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் ராஜாவை மெதுவாகச் சாய்த்தார்.

"கல்யாணம் ஆனதிலேர்ந்து ஒரு சிப்பாயைக்கூட நீ எனக்கு விட்டுக்கொடுத்ததில்லை, ஹம்சி. அதான் தெரிஞ்சே வெட்டிப் பார்த்தேன்" என்றார். "இப்ப சொல்லு. டாக்டர் என்ன சொன்னார்?"